ஊமை வெள்ளி பேசுகிறது!

“வீ...ல்!”

அலறல் மைக்கில் வந்தது.

நெல்லித்தோப்பு முத்து மாதா கோயிலின் குழாய் ஸ்பீக்கர்கள் அதைச் சந்து சந்தாகக் கொண்டு போய்ச் சேர்த்தன. பிரியாணி அண்டாவைக் கிளறிக் கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே போட்டார். பலூன்காரர் ஊதிக் கொண்டிருந்த பலூனை விட்டார்.

அலறல் என்றால் பிணம் இருக்க வேண்டும் என்பது உங்கள் எதிர்பார்ப்பு.

மன்னிக்கவும்... இன்று தேர்த் திருவிழா. பிணத்துக்கு லீவு!

அலறியவள் லூர்துசெல்வி. தேருக்குப் பூ அலங்காரம் செய்பவள். சாமியார் உடுப்பு மாற்றும் அறையில், திறந்திருந்த மரப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வாயிலும் வயிற்றிலும் அடித்துக் கொண்டிருந்தாள். பக்கத்து மேஜையில் அறிவிப்பு மைக் ஆனிலேயே இருந்தது.

ஜாஸ்லின் ஓடி வந்தாள். லாஸ்பேட்டையில் ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் விரிவுரையாளர். முதலில் மைக்கை அணைத்தாள்.

“என்னாக்கா?”

“போச்சுடி... மாதா கிரீடம் போச்சு!”

பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட் துணி மட்டும் கிடந்தது.

பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவர் சுவரைப் பிடித்துக் கொண்டு நின்றிருந்தார். கையில் சாவிக்கொத்து.

அல்போன்ஸ். கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, கோயில் பூட்டுவது எல்லாம் அவர்தான்.

ஜாஸ்லினின் அப்பா.

“மோன் தியே...” என்றார் அல்போன்ஸ். சந்தோஷம், துக்கம் எதுவானாலும் அவருக்கு முதலில் வருவது, ‘என் கடவுளே’ என்ற அந்தப் பிரெஞ்சு வார்த்தைதான். “பாப்பா... காலையில தொடைச்சி நாந்தானே உள்ள வச்சேன்!”

*

இன்ஸ்பெக்டர் கமலக்கண்ணன் முதல் காரியமாகக் கோயில் கேட்டை இழுத்துப் பூட்டச் சொன்னார். உள்ளே இருந்த அத்தனை பேரையும் சோதனை போட்டார்கள். பூக்கூடையைக் கொட்டினார்கள். பிரியாணி அண்டாவுக்குள் கரண்டி விட்டுத் துழாவினார்கள். மேளக்காரரின் மேளத்தைக் கூடக் குலுக்கிப் பார்த்தார்கள்.

கிரீடம் இல்லை.

“எவ்ளோ பெருசு இருக்கும்?”

“சின்னச் சொம்பு அளவு சார்,” என்றான் ஜெஸ்டின். “பிரெஞ்சுக்காரன் காலத்துத் தங்கம். சுத்தி முத்து.”

ஜெஸ்டின் திருவிழாக் கமிட்டிச் செயலாளர். மார்க்கெட் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை. பாக்கெட்டில் எப்போதும் இரண்டு செல்போன்கள், வாயில் எப்போதும் ஒரு யோசனை.

“பூட்டு ஒடையல. சாவி ஒரே சாவி. அது யார்கிட்ட இருந்துச்சி?”

எல்லாக் கண்களும் அல்போன்ஸ் மேல் விழுந்தன.

“என்கிட்டதாங்க... இடுப்புலதான்... மத்தியானம் மணி அடிக்கறப்ப மட்டும் கழட்டி ஆணியில மாட்டுவேன். கயித்த ரெண்டு கையாலயும் இழுக்கணுமா... இடுப்புல சாவி கெலுகெலுன்னு ஆடும். ஜெபத்துக்கு எடைஞ்சல்.”

“அப்ப யாரும் பாக்கலையா?”

“மணி அடிச்சா எல்லாரும் நின்ன எடத்துல நின்னு, கண்ண மூடி ஜெபம் சொல்லுவோங்க. அது வழக்கம்.”

“அதாவது, ஊரே கண்ண மூடிட்டு நிக்கறப்ப திருடிட்டாங்கன்றீங்க. நல்லாருக்குய்யா கதை!”

“சார், எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு!” என்றாள் ஜாஸ்லின்.

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

“கிரீடத்துக்குள்ள ஏதோ டிரான்ஸ்மிட்டர் வச்சது நீதானாமே?”

“ஆமா சார். சிலுவைக்கு அடியில குழிவா ஒரு எடம். தபால்தலை அளவுக்கு ஒரு சர்க்யூட், ஒரு சின்ன பேட்டரி. கிரீடத்தோட தங்கமேதான் ஏரியல். ரிசீவரோட பக்கத்துல வந்தா பீப்னு கத்தும்.”

“அப்பறம் என்னா? கண்டுபுடி!”

ஜாஸ்லினின் தலை குனிந்தது.

“அது செத்துப் போச்சு சார்.”

விவரம் சொன்னாள். கிரீடத்தில் ஈயம் வைத்துப் பற்ற வைக்க முடியாது. சூடு பட்டால் உள்ளே நிரப்பியிருக்கும் அரக்கு உருகும். முத்து கருகும். அதனால் வெள்ளித் தூள் கலந்த பசையால் ஒட்டினாள். வெள்ளித் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக் கொண்டிருக்கும்... அது வழியாகக் கரண்ட் போகும்.

“ரெண்டு மழைக் காலம் தாண்டிடுச்சி. உப்புக் காத்து. பசை உப்பி, துகள் ஒண்ணோட ஒண்ணு தொடறது விட்டுப் போச்சு போலருக்கு. பேட்டரி மாத்தறப்ப ஏரியல் ஜாயிண்ட்ல மீட்டர் வச்சிப் பாத்தேன். கனெக்‌ஷன் இருந்தா மீட்டர் பீப்னு கத்தணும். கத்தல. திருவிழா முடிஞ்சதும் வேற ஒட்டறேன்னு கமிட்டி மீட்டிங்ல சொன்னேன்.”

“நானும் என் மீட்டரை வச்சிப் பாத்தேன் சார்,” என்றான் ஜெஸ்டின் உதட்டைப் பிதுக்கி. “சுத்தம். உசுரே இல்ல.”

இன்ஸ்பெக்டர் மீசையை நீவினார்.

“ஆக, டிரான்ஸ்மிட்டர் செத்தது பொண்ணுக்குத் தெரியும். சாவி அப்பன்கிட்ட. கணக்கு சரியா வருதே!” குரல் இறுகியது. “பெரியவரே, ஜீப்புல ஏறி உக்காருங்க. தேர் கெளம்பறதுக்குள்ள கிரீடம் வந்தா எறங்கி வீட்டுக்குப் போலாம். வரலேன்னா... நேரா ஸ்டேஷன்!”

அல்போன்ஸ் சாவிக்கொத்தை மகளின் கையில் வைத்தார். ஜீப்பின் பின்படியில் கால் வைத்தபோது தடுக்கியது. காவலுக்கு நின்றிருந்த கான்ஸ்டபிள்தான் தோளைப் பிடித்து ஏற்றி விட்டார். இந்த ஊர்ப் போலீசுக்கே உரிய உயரமான சிவப்புத் தொப்பி. பெரிய மீசை. மார்பில் 207 என்ற எண்.

“பாத்துங்க பெரியவரே,” என்றார் 207 இதமாக.

ஜாஸ்லின் ஜீப்பையே பார்த்தாள். முப்பது வருடம் கோயில் உண்டியலுக்குப் பக்கத்தில் படுத்து எழுந்த மனுஷன். உண்டியலில் ஒரு தடவை கை வைத்திருந்தால் இன்னும் ஓட்டு வீட்டில் ஏன் இருக்கிறார்? ஊரே வேடிக்கை பார்க்க, போலீஸ் ஜீப்பில் செருப்புக் கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். காரணம்... அவள் ஒட்டிய பசை!

அழுகை முட்டிக் கொண்டு வந்த அந்த நேரத்தில்தான்...

ஸ்பீக்கர் கத்தியது.

“டிட்... டிட்டி... டிட்டி... டிர்ர்ர்...”

தேருக்குப் பக்கத்தில் சாமியார் மைக்கோடு நின்றிருந்தார். அடுத்த நொடி அவருடைய அங்கிப் பையில் செல்போன் மணி அடித்தது.

“செல்போன ஓரமா வைங்க சாமி! மைக்குல இரையுது!” என்று யாரோ கத்தினார்கள்.

ஜாஸ்லின் அப்படியே நின்றாள்.

செல்போனுக்கும் மைக்குக்கும் நடுவில் ஒயர் இல்லை. ஒன்றையொன்று தொடவில்லை. ஆனால் இதில் வருவது அதில் கேட்கிறது!

தொடவில்லை... ஆனால் கேட்கிறது...

“அய்யய்யோ!” என்று தலையில் அடித்துக் கொண்டாள். “நான் ஒரு மடச்சி!”

“என்னா? ஒத்துக்கறியா?” என்றார் இன்ஸ்பெக்டர் ஆவலாக.

“சார்! அது சாவல! மீட்டர்ல இருக்கறது பேட்டரி கரண்ட். ஒரே பக்கமா நேரா போவும். நடுவுல மயிரிழை இடைவெளி இருந்தாலும் நின்னுடும். ஆனா டிரான்ஸ்மிட்டர் கரண்ட் அப்படியில்ல சார். செகண்டுக்கு நாப்பது கோடி தடவை முன்னயும் பின்னயும் ஆடும். அதுக்கு வெள்ளித் துகள் ஒண்ணையொண்ணு தொடணும்னே இல்ல. கிட்டக்கிட்ட எதிரெதிரா நின்னா போதும். இடைவெளியத் தாண்டிடும்!”

இன்ஸ்பெக்டரின் முகத்தில் எந்த பல்பும் எரியவில்லை.

“ஒங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல சுவரு இருக்குதா சார்?”

“இருக்குது.”

“அத்த தாண்டி நீங்க நடந்து போவ முடியாது. ஆனா அவங்க வீட்டு மிக்ஸி சத்தம்?”

“மிக்ஸி என்னாம்மா மிக்ஸி... மாமியா மருமவ சண்டையே ஒரு வார்த்த வுடாம வரும்!”

“அதான் சார்! நான் மீட்டர வச்சி, நடந்து போவ முடியுமான்னு மட்டும் பாத்துட்டு, சத்தமும் வராதுன்னு முடிவு கட்டிட்டேன். ரிசீவர ஆன் பண்ணிக்கூடப் பாக்கல. ரிசீவர் காலேஜ் லேப்ல இருக்குது. எடுத்துட்டு வந்துடறேன் சார்!”

ஜெஸ்டின் சிரித்தான்.

“சார், பொண்ணு நல்லா பாடம் எடுக்குது. நான் பத்து வருஷமா செல்போன் பாக்கறேன். மீட்டர் கத்தலேன்னா கனெக்‌ஷன் இல்ல. அவ்ளோதான் விஷயம்.” கொஞ்சம் யோசித்தான். “இருந்தாலும் அது ஆசையக் கெடுப்பானேன்? எடுத்துட்டு வரட்டும். தனியா மட்டும் வுடாதீங்க. இதோ, 207 காலையிலேருந்து சும்மாத்தானே நிக்கறாரு. தொணைக்கு அனுப்புங்க!”

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். பூட்டிய கேட் ஜாஸ்லினின் ஸ்கூட்டிக்காக ஓர் ஆள் அகலத்துக்குத் திறந்தது.

*

ஞாயிற்றுக்கிழமைக் கல்லூரி. வாட்ச்மேன் முருகையனைத் தவிர ஈ காக்கா இல்லை.

வழி நெடுகப் பின் சீட்டில் 207 இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக் கொண்டே வந்தார். “கழட்டி மடியில வச்சிக்கங்க சார், காத்துல பறந்துடப் போவுது,” என்று ஜாஸ்லின் சொன்னதற்கு, “டூட்டியில கழட்டக் கூடாதும்மா,” என்று பதில் வந்தது. கடமை உணர்ச்சியுள்ள மனிதர் என்று நினைத்துக் கொண்டாள்.

லேப் அலமாரியிலிருந்து ரிசீவரை எடுத்தாள். செங்கல் அளவு பெட்டி. ஸ்விட்சைப் போட்டாள். ஒரே வேண்டுதல்... மாதாவே, இது வேலை செய்யணும்!

“பீப்! பீப்! பீப்!”

சந்தோஷம் பாதி நொடிதான் நிலைத்தது.

பெட்டியின் முகப்பில் வரிசையாக இருந்த பத்து விளக்குகளும் எரிந்தன. பத்தும் எரிந்தால் கிரீடம் இதே அறையில் இருக்கிறது என்று அர்த்தம். நெல்லித்தோப்பில் தொலைந்த கிரீடம் லாஸ்பேட்டையில்?

ஜன்னல் பக்கம் நடந்தாள். இரண்டு விளக்குகள் அணைந்தன. கதவுப் பக்கம் திரும்பினாள். மறுபடி பத்தும் எரிந்தன.

கதவில் யார்?

207. வியர்வை வழியும் நெற்றியை விரலால் வழித்துக் கொண்டு நின்றிருந்தார். அப்போதும் தொப்பியைத் தூக்கவில்லை.

தொப்பி...

சின்னச் சொம்பு அளவு...

எல்லாரையும் சோதனை போட்டார்கள். போலீஸ்காரர்களைத் தவிர! மணி அடித்தால் கோயில் ஆட்கள் அத்தனை பேரும் கண்ணை மூடுவார்கள். வாசலில் காவல் நிற்பவர் ஏன் மூட வேண்டும்?

ஜாஸ்லின் லேப் மேஜைக்குப் பின்னால் நகர்ந்தாள். பயம். சுத்தமான, கலப்படமில்லாத பயம்.

“என்னாம்மா அது இப்புடிக் கத்துது?”

“பே... பேட்டரி கம்மியா இருக்குது சார். அப்படித்தான் கத்தும்.” ஸ்விட்சை அணைத்தாள்.

“கிரீடம் எங்க இருக்குதுன்னு காட்டுதா?”

“எங்க சார்... ஜெஸ்டின் அண்ணன் சொன்னதுதான் சரி. உசுரே இல்ல.”

207-ன் மீசைக்கடியில் ஒரு புன்னகை வந்து போனது.

“த்சொ... சரிம்மா, நீ பாத்துப் போ. எனக்கு இந்தப் பக்கம் ஒரு சோலி இருக்குது.”

போய் விடுவான்! இவன் போனால் அப்பாவும் போவார்... சிறைக்கு! கத்தலாமா? உதவிக்கு வரப் போவது முருகையன். எழுபது வயது. இவன் கையில் லத்தி.

“எங்க சார் போவணும்?” என்றாள் எச்சிலை விழுங்கி.

“பஸ் ஸ்டாண்டு.”

“நான் போற வழிதானே சார்! இங்க ஞாயித்துக்கிழமைல ஆட்டோ கெடைக்காது. ஏறுங்க, எறக்கி வுட்டுட்டுப் போறேன்.”

207 யோசித்தான். நடந்தால் வெயில். ஏறினால் ஓசி.

ஏறினான்!

ஜாஸ்லின் ஆக்ஸிலரேட்டரைத் திருகினாள்.

திருகினாள் என்றால்... அப்பா ஜீப்பில் ஏறும்போது தடுக்கியது ஞாபகம் வந்து, அந்தக் கோபம் முழுவதையும் சேர்த்துத் திருகினாள்! ஸ்கூட்டி தன் ஆயுளில் பார்க்காத வேகத்தைப் பார்த்தது. நான்கு ரோட்டில் சிவப்பு விளக்கு. நிற்கவில்லை. டிராஃபிக் கான்ஸ்டபிள் விசிலை வாயில் வைத்தார்... பின்னால் சிவப்புத் தொப்பியைப் பார்த்தார்... விசிலை எடுத்து விட்டு சல்யூட் அடித்தார்.

“மெதுவாம்மா! பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சி! நிறுத்து!”

“பிரேக் புடிக்கல சார்!”

“நிறுத்துடீ!”

“கெட்டியா புடிச்சிக்கோங்க சார்!”

எதைப் பிடிப்பான்? கம்பியைப் பிடித்தால் தொப்பி போகும். தொப்பி போனால் எல்லாமே போகும். விழுப்புரம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக் கொண்டு வெளியே வந்தது. ஏக்கத்தோடு திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான் முடிந்தது.

*

“தொறங்க! கேட்ட தொறங்க!”

ஜாஸ்லின் போட்ட கூச்சலில் கேட் திறந்தது. தேர் முன்னால் வரை வந்து, பிடிக்காத அந்தப் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். அது அற்புதமாகப் பிடித்தது!

207 பறந்தான். லூர்துசெல்வி கட்டி வைத்திருந்த மல்லிகைக் குவியலில் போய்த் தலைகீழாக விழுந்தான். சிவப்புத் தொப்பி உருண்டது. அதற்குள்ளிருந்து மஞ்சளாக ஒன்று தெறித்து, தனியே உருண்டு, தேர்ச் சக்கரத்தில் முட்டி நின்றது.

முத்து மாதாவின் கிரீடம்!

கூட்டம் ஒரே குரலில் “ஏசுவே!” என்றது.

ஜாஸ்லின் ரிசீவரை ஆன் செய்தாள். “பீப்! பீப்! பீப்!”

இன்ஸ்பெக்டர் மல்லிகைக் குவியலுக்குள் கைவிட்டு 207-ஐ வெளியே இழுத்தார். மீசை பாதி கழன்று தொங்கியது.

“யோவ்... நீ எந்த ஸ்டேஷன்?”

இன்ஸ்பெக்டர் தன் ஆட்களைப் பார்த்தார். பந்தோபஸ்துக்கு வந்தவர்கள் இரண்டு ஸ்டேஷன்காரர்கள். இவன் அந்த ஸ்டேஷன் என்று இவர்களும், இந்த ஸ்டேஷன் என்று அவர்களும் காலையிலிருந்து நினைத்துக் கொண்டிருந்தார்கள்.

“எ... எந்த ஸ்டேஷனும் இல்லீங்க. சாமிக்கண்ணுங்க. நாடகத்துல போலீஸ் வேஷம் கட்றவன். டிரெஸ் வாடகைங்க...”

ஜெஸ்டின் கூட்டத்தைப் பிளந்து கொண்டு பாய்ந்தான்.

“ஏண்டா திருட்டு நாயே! எங்க மாதா கிரீடத்துலயே கைய வக்கிறியா? சார், இவன எங்கிட்ட வுடுங்க!” கையை ஓங்கினான்.

“ஜெஸ்டின் அண்ணே,” என்றாள் ஜாஸ்லின். குரல் அமைதியாக வந்தது. “ஒரு சந்தேகம். இத்தினி போலீஸ் இருக்கறப்ப, எங்கூட அனுப்பறதுக்கு இவரத்தான் புடிச்சிக் குடுத்தீங்க... ஏன்?”

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

“அ... அது... அவரு சும்மா நின்னாரு...”

“இவரு கேட்டத் தாண்டி வெளிய போவறதுக்கு வேற வழி இல்லாமதானே?”

“என்னா ஒளற்றே! சார், எனக்கும் இவனுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல! இவன் மூஞ்சியே நான் பாத்ததில்ல!”

சாமிக்கண்ணுக்கு அதுவரை பயம்தான் இருந்தது. இப்போது ரோஷம் வந்து விட்டது. பாதி மீசையோடு எகிறினான்.

“என்னாது? பாத்ததில்லியா? பீப் வரல பீப் வரலன்னு நீதானேய்யா சத்தியம் பண்ணே! அத்த நம்பித்தானே தலையில வச்சிக்கினு திரிஞ்சேன்! ரெண்டு மொற மீட்டர் வச்சிப் பாத்தியாமே... மூணாவது மொறயும் பாத்துத் தொலைச்சிருக்கக் கூடாதா?”

ஜெஸ்டினின் இரண்டு செல்போன்களில் ஒன்று அப்போது பார்த்து அடித்தது. எடுக்கத்தான் கை வரவில்லை. விலங்கு மாட்டியிருந்தார்கள்!

*

ஜீப்பிலிருந்து அல்போன்ஸ் இறங்கினார். இந்தத் தடவை தடுக்கவில்லை. ஜாஸ்லின் ஓடிப் போய் அவரைக் கட்டிக் கொண்டாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை, கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வந்தது.

“என்னாலதான்ப்பா... செத்துப் போச்சுன்னு நாந்தான் ஊருக்கெல்லாம் சொன்னேன்...”

“நீ சொல்லலேன்னா அந்தப் பய துணிஞ்சிருப்பானா? அவன் சுயரூபம்தான் தெரிஞ்சிருக்குமா?” மகளின் கண்ணைத் துண்டால் துடைத்தார். “மெர்சி... நன்றி, பாப்பா. சாவியக் குடு. மணி அடிக்கணும்.”

சாவிக்கொத்தை வாங்கினார். வழக்கம் போல ஆணியைத் தேடியது கை. ஒரு நொடி தயங்கினார். அப்புறம் அதை இன்ஸ்பெக்டரின் கையில் கொடுத்து விட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

மணி அடித்தது. மாதா தலையில் கிரீடம் ஏறியது. நான்கு நிஜப் போலீஸ்காரர்கள் தேரைச் சுற்றி நின்றார்கள். நால்வரும், இன்ஸ்பெக்டர் உத்தரவுப்படி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள்!

தேர் நகர்ந்தது. சாவிக்கொத்தைக் குலுக்கிக் கொண்டே இன்ஸ்பெக்டர் ஜாஸ்லினிடம் வந்தார்.

“ஏம்மா, இப்பதான் டிராஃபிக்லேருந்து போன். சிவப்பு விளக்குல நிக்காம ஒரு ஸ்கூட்டி பறந்துச்சாம். நீதானே?”

“ஆமா சார்...”

“சரி, அத்த வுடு. அந்த வேகத்துல போனியே, தலைக்கு ஒரு ஹெல்மெட் போட வேணாமா?”

ஜாஸ்லின் மூக்கை உறிஞ்சிக் கொண்டு நிமிர்ந்தாள்.

“பின்னாடி உக்காந்து வந்தவரு கிரீடமே போட்டிருந்தாரு சார்... அதுக்கு மேல என்னா பாதுகாப்பு வேணும் ஒங்களுக்கு?”